துணித்துண்டு கட்டிய சாவிகள்

இன்று காலை பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கடைக் கானைக் கழுவி பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறவர்களுக்கு அது சுத்தத்தின் நெடி. எனக்கு அது மண்சரிவு முகாமின் நெடி. பள்ளிக்கூட மண்டபம், விரித்த பாய்கள், கொடியில் காயாமல் தொங்கிய பாவாடைகள், அத்தனைக்கும் நடுவில் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த நீ. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை ஒருத்தி கானோரத்தில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தால் ஊர் என்ன நினைக்கும்? லொத்தர்ச் சீட்டு விற்கிறவர் எழுந்து வந்து, "தலை சுத்துதா அக்கா?" என்றார். இல்லை, ஒரு ஆளை நினைத்தேன் என்றேன். கானைப் பார்த்து நினைக்கும்படியான ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

நீ கூட இருந்திருந்தால் நெடியைப் பற்றியா பேசியிருப்பாய்? "இன்னிக்கு யாருடி வாறா? எந்தப் பெரிய மனுசன்?" என்றுதான் கேட்டிருப்பாய். அரசாங்கம் சும்மா ஒரு கானைக் கழுவும் என்று நீ கடைசிவரை நம்பியதில்லை. உனக்காக விசாரித்துப் பார்த்தேன். நாளைக்கு ஒருவர் வருகிறாராம்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் பரீட்சை பாஸ் பண்ணி, பட்டம் வாங்கி, வேலை கேட்டு ஊர்வலம் போய், கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனேன். எதை அபிவிருத்தி செய்கிறோம் என்று எங்கள் காரியாலயத்தில் ஒருவருக்கும் தெரியாது. நீதான் முதல் நாளே கண்டுபிடித்தாய். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒன்னத்தான்டி நல்லா அபிவிருத்தி பண்ணிருக்காங்க. இந்த ஜாக்கெட்ட நான் எத்தன தடவ பிரிச்சுத் தைக்கிறது?" என்றாய். நீ தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே தங்கிவிட்டாய். உன் காம்பரா அறையின் ஜன்னலோரம் மெஷினைப் போட்டு ஊர் முழுக்க ஜாக்கெட் தைத்தாய். உன் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நின்றார். தீபாவளிக்கு வருவார், சித்திரைக்கு வருவார், மற்ற நாளெல்லாம் உனக்கு நீயே அரசாங்கம்.

உன் சந்தேகங்கள் எல்லாம் சரி என்று இந்த மடலில் எழுதப்போவதில்லை. நீ செத்துப்போனதற்காகப் பொய் சொன்னால் எழும்பி வந்து திட்டுவாய். பாதிக்குப் பாதி பிழை. கொரோனாக் காலத்தில், ஊசிக்குள் சிம் கார்ட் வைக்கிறார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நீ. பிறகு ஊசி போடும் நாளில் வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நின்றாய். கேட்டதற்கு, "சிம்மு குடுக்கிறவன் டேட்டாவும் குடுப்பான்ல?" என்றாய். மழை வரும் என்று வானொலி சொன்னால் துணியை வெளியே காயப்போடுவாய்.

ஆனால் உன் சந்தேகத்துக்கு ஒரு ஊற்று உண்டு. அது எனக்கும் தெரியும், ஏனென்றால் நானும் அங்கே இருந்தேன். நாம் சின்னவர்களாய் இருந்தபோது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவர் உண்மையிலேயே காய்ச்சலில்தான் கிடக்கிறாரா என்று பார்க்கத் தோட்டத்து ஆள் லயத்துக்கு வரும். கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. லயத்துக் கதவு யாருடையது? தோட்டத்துடையது. அப்படியென்றால் தட்டுவது எதற்கு? அன்று உன் அம்மா சுருண்டு படுத்திருந்தார். வந்த ஆள் நேரே உள்ளே போய்ப் போர்வையைப் பிடித்து விலக்கினான். காய்ச்சல்தான் என்று கண்டுகொண்டு போய்விட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு விதத்தில் மரியாதையானவன்கூட. உன் அம்மா போர்வையைத் திரும்ப இழுத்துக்கொண்ட விதத்தை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வாரமே பண்டாரவளை சந்தைக்குப் போன யாரிடமோ சொல்லி ஒரு தாழ்ப்பாள் வாங்கி, உள்பக்கமாக நீயே ஆணி அடித்தாய். கோணலாக அடித்தாய். நம் லயத்தில் உள்பக்கம் தாழ்ப்பாள் கண்ட முதல் காம்பரா உன்னுடையது.

தோட்டம் கைமாறியது, கம்பனி வந்தது, வாக்குரிமை வந்தது, என்னைப் போல அரசாங்க உத்தியோகத்தர்களும் வந்து சேர்ந்தோம். போர்வையை விலக்கும் கை மாறிக்கொண்டே இருந்தது. "காய்ச்சலான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்ற பேச்சு மட்டும் மாறவேயில்லை.

சாவிக் கதைக்கு வருகிறேன். லயத்தில் வேலைக்குப் போகிறவர்கள் காம்பராவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பள்ளிவிட்டு வரும் பிள்ளை எடுத்துக்கொள்ளும், கொழும்பிலிருந்து திடீரென்று வரும் மகன் எடுத்துக்கொள்வான். நீ பகல் முழுக்க மெஷினில் இருப்பவள் என்பதால் பக்கத்துக் காம்பராவின் சாவி மட்டுமில்லை, லயம் முழுவதன் சாவியும் உன்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தாய். பூட்டெல்லாம் ஒரே மாதிரிப் பூட்டு, சாவியெல்லாம் ஒரே மாதிரிச் சாவி. எப்படி அடையாளம் காண்பாய்? அந்தந்த வீட்டுக்குத் தைத்த ஜாக்கெட்டில் மிஞ்சிய துணியில் ஒரு துண்டை அந்தந்தச் சாவியில் கட்டியிருந்தாய். டின்னைத் திறந்தால் ஒரு சின்னத் தேர்த் திருவிழா.

அந்த மழையில் லயத்தை விட்டு இறங்கச் சொல்லி அறிவித்தல் வந்தபோது எல்லோரும் செய்த ஒரே காரியம் இதுதான். மலை இடியப்போகிறது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடு என்கிறார்கள். நம் சனங்கள் காம்பராவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள். நீயும் இறங்கப்போகிறவள்தான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உனக்கும் வரவில்லை! வாங்கி வாங்கி டின்னில் போட்டுவிட்டு, பிறகு டின்னையும் மெஷினையும் இரண்டு பேரைப் பிடித்துத் தூக்க வைத்து, பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்து சேர்ந்தாய்.

முகாமுக்குப் பொறுப்பாக எங்கள் காரியாலயத்து உதவிச் செயலாளர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒற்றைத் தலைவலிக்காரர். கெட்டவர் இல்லை. அதை நீயும் ஒத்துக்கொண்டாய்: "கெட்டவன்னா சண்ட போட்டுட்டுப் போயிரலாம்டி. இவரு நல்லவரு, அதான் பயமா இருக்கு." இரண்டு மூன்று நாள் போனதும் அவர் என்னைக் கூப்பிட்டு, காம்பராச் சாவிகளை எல்லாம் காரியாலயத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று மைக்கில் அறிவிக்கச் சொன்னார். அறிவித்தேன். என் குரல் மைக்கில் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அன்றைக்கு அந்த நினைப்பு போயிற்று. மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தது.

அவர் உன் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இஞ்சை பாரும் பிள்ளை, அங்கால லயத்தில களவு போயிருக்கு. சாவியளை எங்களிட்டைத் தந்தால் பாதுகாப்பா வச்சிருப்பம்."

"களவாண்டவன் கதவ ஒடச்சுத்தானே சேர் போனான்? சாவி போட்டுத் தொறந்தா போனான்?"

"ஆக்கள் திரும்பத் திரும்ப அங்கை போயினம். மலை எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறம்."

"போகாதீங்கன்னு சொல்லுங்க, போக மாட்டோம். ரோட்ட மறிங்க, போலீஸ நிப்பாட்டுங்க. எறங்கச் சொன்னீங்க, எறங்கி வந்தோம்ல? சாவி எதுக்குங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நீ விடவில்லை. "எதுவரைக்கும் வச்சிருப்பீங்க?"

"நிலைமை சீராகுமட்டும்."

"சீராயிருச்சுன்னு யாரு சொல்லுவா? நீங்களா, நாங்களா?"

உன் கேள்விக்குப் பின்னால் இருந்தது என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வேறொரு தோட்டத்தில், முன்பொரு மழையில், இப்படித்தான் இறங்கினார்கள். லயத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஆள் இல்லாத லயம் என்று பிறகு கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். புது வீடு வரவில்லை, பழைய வீடும் இல்லை. நம்மிடம் உறுதிப் பத்திரம் கிடையாது, காணி கிடையாது. ஒரு காம்பரா நம்முடையது என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதில் நாம் இருந்தோம் என்பதுதான். சாவியும் கையை விட்டுப் போனால், இருந்தோம் என்பதும் போய்விடும்.

"நீர் உம்மட சாவியைத் தாரும். மற்றாக்களின்ரையையும் தாரும்" என்றார் அவர்.

"என்னோடது தர மாட்டேன் சேர். மத்தவங்களோடது என்னோடதே இல்ல. எனக்குச் சொந்தமில்லாதத உங்களுக்கு எப்படிங்க தூக்கிக் குடுப்பேன்?"

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். சாவி தராதவர்களுக்கு உலருணவுப் பொதி கொடுக்க முடியாது என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, காலநிலை அறிவித்தல் மாதிரிச் சொன்னார். காரியாலயத்தில் ஏதாவது சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறதா என்று மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். இல்லை. ஆனால் இல்லாததைச் சுற்றறிக்கை மாதிரிச் சொல்லும் பயிற்சி எங்களுக்கு எல்லோருக்கும் உண்டு.

நீ எழும்பினாய். என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாய். அரச சொத்து, உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு, இரண்டு குற்றம். "லயத்து ஆளுங்க எல்லாம் வாங்க. அவங்கவங்க சாவிய அவங்கவங்க வாங்கிக்கங்க. சேரு ஒவ்வொருத்தராக் கேப்பாரு. குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். என்னைய நடுவுல வைக்காதீங்க."

டின்னைக் கவிழ்த்தாய். "மஞ்சள்ல பூப்போட்டது யாரு? பச்சக் கட்டம்? ஏய், அந்தச் சேப்பு ஒன்னோடது இல்ல, ஒன் நாத்தனாரோடது, வச்சிட்டுப் போ." சாவிகள் கைக்குக் கை போயின. ஊதாவில் வெள்ளிப்புள்ளி போட்ட துணி வந்தபோதுதான் ஒரு சின்னச் சிக்கல். அது இரண்டு சாவியில் இருந்தது. ஒன்று தோட்டத்துக் காவலுக்கு நிற்கும் வாச்சர் ராசுவின் வீட்டுச் சாவி. மற்றது ராசுவின் வீடு இல்லை. ராசுவின் மனைவி இரண்டையும் பார்த்தாள், பிறகு ராசுவைப் பார்த்தாள். மண்சரிவு அபாயம் மலைக்கு மட்டுமில்லை என்பது மண்டபத்துக்கே விளங்கியது.

ராசு வாங்கிய ஒரே துணியை இரண்டு பெண்களின் அளவுக்கு வெட்டித் தைத்தவள் நீ. ஒரு வருஷமாக உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு, உன் உயிர்த்தோழிக்கு, இந்த மாகாணத்தின் பாதி ரகசியங்களைச் சம்பளமில்லாமல் விநியோகிப்பவளுக்கு, ஒரு வார்த்தை சொல்லவில்லை! அன்று பின்னேரமே சண்டைக்கு வந்தேன். நீ ஊசியில் நூல் கோத்தபடியே, "அவ துணி, அவ சாவி. ஒனக்கு என்னாத்துக்கு?" என்றாய். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

உதவிச் செயலாளர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். முதலில் இருந்தவர் கோடிக் காம்பரா முத்தையா அண்ணன். அவர் மறுயோசனை இல்லாமல் சாவியை நீட்டினார். "இந்தாங்க சேர். வீடு குடுக்கிறப்ப என்னைய மறந்துராதீங்க." நீ பாயப்போகிறாய் என்று நான் மைக்கைப் பத்திரப்படுத்தினேன். நீ பாயவில்லை. மெஷின் சக்கரத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அது அவரு சாவி" என்றாய், யாருக்கும் கேட்காத மாதிரி. இன்னும் சிலர் கொடுத்தார்கள். சிலர் மடியில் இறுக்கிக்கொண்டு, "இப்பத்தான் வாங்குனேன் சேர், அதுக்குள்ள தொலஞ்சு போச்சு" என்றார்கள். பாதி மண்டபம் போவதற்குள் தேத்தண்ணி வந்தது, ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது. அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பொதி எல்லோருக்கும் கிடைத்தது.

ஏன் நிறுத்தினார்? அவருடைய குடும்பத்து வீடு வடக்கில் பல வருஷம் முள்ளுக்கம்பிக்குள் இருந்ததாம், பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் அதையும் எடுத்தார்களாம் என்று எங்கள் காரியாலயத்துச் சிற்றூழியர் பிறகு சொன்னார். அவர் சொல்வதில் பாதி பொய், அந்தப் பாதி எது என்பது ஒருநாளும் தெரியாது. அதனால்தான் நிறுத்தினார் என்று நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. தேத்தண்ணி ஆறிவிடும் என்பதும் காரணமாக இருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் மலை வந்தது. மத்தியானம், பட்டப்பகலில், லொறியிலிருந்து கல் கொட்டும் சத்தம். லயத்தின் மேல் பக்கம் போயிற்று. உன் குசினிச் சுவர் போயிற்று, ஜன்னல் போயிற்று, கோணல் தாழ்ப்பாள் போட்ட கதவும் போயிற்று. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. உதவிச் செயலாளர் உன்னிடம் வந்து, "பாத்தீரே பிள்ளை?" என்றார். வெற்றிக்குரல் இல்லை, அவரும் நடுங்கிப் போயிருந்தார். நீ எழும்பி நின்று கையெடுத்துக் கும்பிட்டாய். நான் திகைத்தேன். நீ கோயிலிலேயே ஒரு கையால் கும்பிடுகிற ஆள்.

"எறங்கச் சொன்னதுக்குக் கும்புடுறேன் சேர். மலை விசயத்துல நீங்க சொன்னது சரி. அதுக்காகச் சாவி விசயத்துலயும் சரின்னு ஆயிராது."

நான் இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிழையாகவே நடக்கும் அதிகாரத்தைக் கண்டுகொள்வது சுலபம், அதைச் சின்னப் பிள்ளையும் திட்டும். ஒரு தடவை சரியாக நடந்துவிட்ட அதிகாரம்தான் சூட்சுமமானது. நம் உயிரைக் காப்பாற்றிய கையை நாம் தட்டிவிட மாட்டோம் என்று அதற்குத் தெரியும். அந்தக் கூச்சத்தைப் பிடித்துக்கொண்டே மடிக்குள் கை போடும்.

முத்தையா அண்ணனின் காம்பரா லயத்தின் கீழ்க் கோடியில், மண் படாமல், முழுசாக நின்றது. பூட்டியபடியே நின்றது. அவருடைய கம்பளியும் மூக்குக்கண்ணாடியும் உள்ளே. சாவியைக் கேட்டுப் போனார். பாதுகாப்பாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் குளிரில் அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் காரியாலயத்துக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தாய். நான் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். பிய்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றாய். திறக்காமல் போக மாட்டோம் என்றாய். மறுபடி வந்தாய், மறுபடியும் வந்தாய். கடைசியில் ஒரு உத்தியோகத்தரின் முன்னிலையில் பூட்டை உடைத்தார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு யாராவது உன்னைப் பெருந்தன்மைக்காரி என்று நினைத்துவிடப் போகிறார்கள். போகும்போதும் வரும்போதும் பஸ் முழுக்க அந்த மனுசனைத் திட்டித் தீர்த்தாய் என்பதையும் எழுதிவிடுகிறேன். "குடுத்தீங்கள்ல? நல்லாக் குடுங்க. அடுத்த மழைக்குக் கோவணத்தையும் குடுங்க."

"அன்னிக்கே தடுத்திருக்கலாமேடி?" என்று நான் கேட்டேன்.

"தடுத்திருந்தா எனக்கும் அந்தச் சேருக்கும் என்னாடி வித்தியாசம்?"

தகரக் கொட்டிலில்தான் உன் மிச்ச நாள் போனது. தற்காலிகம் என்றார்கள். எதுவரைக்கும் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். சீனி வருத்தம், அந்தச் சர்க்கரை வியாதி, காலில் ஏறி, பதுளை ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது முகம் சுருங்கிப் போயிருந்தது, வாய் சுருங்கவில்லை. ஒப்பரேஷனுக்குச் சம்மதம் கேட்டு வந்த தாதியிடம் காலை எங்கே வெட்டுவீர்கள், எவ்வளவு வெட்டுவீர்கள், அதற்கு மேலே போக மாட்டீர்களே என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பிள்ளை பொறுமையாகப் பதில் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்து, "சரி, செய்ங்க" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "பார்த்தியா? கேட்டா சொல்றாங்க. கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போகல."

நான் கையைப் பிடித்துக்கொண்டு, உன் வீட்டு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை நம்பு என்றேன். அழுகிற நேரத்தில் வருகிற பேச்சு அது.

"ஒன்னைய நம்புறேன்டி. ஒன் வேலையத்தான் நம்பல."

அதற்குப் பிறகு நாம் பேசியது சின்னச் சின்னப் பேச்சு. ராசுவைப் பற்றித்தான் கொஞ்சம் பேசினோம்.

போன வாரம் உங்கள் கொட்டில்களுக்குப் போயிருந்தேன். யார் யார் உண்மையாகவே அங்கே தங்குகிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்து வரச் சொல்லி உத்தரவு. புதிதாக வந்த மேலதிகாரி மழைக்குப் பயந்து ஜீப்பிலேயே இருந்தார். உன் கொட்டிலுக்கு இரண்டு தள்ளி, ஒரு இளம் பெண், வாசலில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தாள். வெளியே நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்றேன்.

திரைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "இப்ப வேணாங்க அக்கா. அப்புறமா வாங்க."

ஏன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உத்தியோகத்துக்காகப் பாதி, வம்புக்காகப் பாதி. என்னைத் தெரியுமே உனக்கு. விழுங்கிக்கொண்டேன். நீ போன பிறகு என்னிடம் தங்கியிருப்பது இவ்வளவுதான்: வாசலில் நின்று கேட்பது, வேண்டாம் என்று வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு இறங்குவது. இது உத்தியோகத்துக்கு உதவாது. பதவி உயர்வு வராது.

ஜீப்பில் ஏறினேன். "என்ன, உள்ள போகலையா?" என்றார்.

"வேணாம்னாங்க சேர்."

"ஏன் வேணாமாம்?"

"கேக்கல."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பார்க்கட்டும். ஈரக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வாசலில் நின்று, நாங்கள் போகிறோமா என்றுகூடப் பார்க்காமல், நிதானமாகத் திரையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.